கண்டெடுத்தவர் கவனத்துக்கு

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் போன வாரம்
சர்வேயரின் டிரைபாட் காணாமல் போயிற்று.
மூணு கால் இருந்தா நடக்காதா பின்ன, என்று
ஐஸ் உடைக்கிற பையன் சிரித்தான்.
அன்று இரவுதான்
கேமராவுக்குப் பெயர் எழுத உட்கார்ந்தேன்.

கடையில் விற்கிற ஸ்டிக்கர் எதுவும்
உப்புக்காற்றில் இரண்டு நாள் தாங்காது.
காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி தாங்கும்.
அடிப்பக்கத்தில், பேட்டரி மூடிக்கும்
திருகுத் துளைக்கும் நடுவே
ஒரு விரல் அகலம், இரண்டு விரல் நீளம்.
அதற்குள் நான் அடங்க வேண்டும்.

அமலோற்பவநாதன்.
'பவ' வரை வந்ததும் இடம் தீர்ந்தது.
இரண்டாவது துண்டில் 'அமலோ' என்று நிறுத்தினேன்.
நெல்லித்தோப்பில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்,
கடன் கொடுத்தவர்கள் மட்டும்
முழுப்பெயரையும் சொல்வார்கள்.

முகவரி வேண்டாம் என்றாள் ஜெசிந்தா.
பிப்ரவரியில் ஹவுஸ் ஓனர் என்ன சொல்வாரோ.
சரி, நம்பர் போதும்.
பத்து எண்ணும் எழுதி, ஊதிக் காயவைத்த பிறகுதான்
உறைத்தது:
போனும் அதே பையில்தான் கிடக்கிறது.
பை தொலைந்தால்
கண்டெடுத்த புண்ணியவான் கூப்பிடுவார்.
அவர் மடியிலேயே மணி அடிக்கும்.

உன் நம்பர் போடட்டுமா?
தெரியாத நம்பரை நான் எடுக்கிறதில்ல, தெரியுமில்ல.
தம்பி கஸ்பார் பாரீஸில்;
நமக்கு விடிந்தால் அவனுக்கு நடுராத்திரி.
மாமனார் எடுப்பார்,
எதிராளியைப் பேச விடமாட்டார்.

மனப்பாடமாக இன்னொரு நம்பர் தெரியும்.
விரலுக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும்.
முத்தியால்பேட்டையில் ஸ்டூடியோ இருந்தபோது
ஒவ்வொரு கவரின் முதுகிலும்
பாஸ்போர்ட் சைஸ், எட்டு காப்பி, பாக்கி இருபது,
அதற்குக் கீழே அந்த நம்பர்.
பதினோரு வருடம் எழுதியிருக்கிறேன்.
பிரிந்த அன்று பிரிண்டரை விற்றுக் கடனை அடைத்தோம்.
நீலத் திரை, குடை விளக்கு, அந்த நம்பர்
தேசிங்குக்கு.
கேமரா எனக்கு.
யார் யாரை ஏமாற்றியது என்பதற்கு
இரண்டு நோட்டில் இரண்டு கணக்கு இன்னும் இருக்கிறது.

அவன் எந்த நம்பரையும் எடுப்பான்.
கை சோற்றில் இருந்தால்
முழங்கையால் தேய்த்தாவது எடுப்பான்.
ராங் நம்பரிடம்கூட ஊர் விசாரித்துவிட்டுத்தான் வைப்பான்.

மூன்றாவது துண்டு. எழுதினேன்.
மேலே ஜெசிந்தாவின் நிறமில்லாத நகப்பூச்சு,
இரண்டு கோட்டிங்.
எட்டிப் பார்த்தாள். நம்பரைப் படித்தாள்.
பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே
உள்ளே போய்விட்டாள்.

புதுக் கார்டில் முதல் படமாக
ஒரு தாளில் எழுதிப் படமெடுத்து வைத்தேன்:
'இதற்குப் பின்னால் வருவதெல்லாம் உடைந்த படகுகள்.
பார்க்க அழகாக இருக்காது.
கேமராவை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்,
கார்டைக் கொடுத்துவிடுங்கள்.
வீராம்பட்டினத்தில் பணம் வரவேண்டியவர்கள் இருக்கிறார்கள்.
இன்ஷூரன்ஸ்காரர்கள் வாய்வார்த்தையை நம்புவதில்லை.'

தேசிங்கிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்.
யாராவது கேமரா கிடைத்தது என்று கூப்பிட்டால்...
அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை.
பத்து எண்ணையும் அழுத்தி
பச்சையை மட்டும் அழுத்தாமல்
மூன்று இரவு போயிற்று.

இப்போதெல்லாம் ஏலம் முடிந்து
டீக்கடையில் உட்காரும்போது
பையை மடியில் வைப்பதில்லை.
பெஞ்சின் அந்தக் கோடியில் வைக்கிறேன்.
நேற்று அப்படியே எழுந்து
ஐஸ் பிளான்ட் வரை நடந்துவிட்டேன்.

அண்ணே, பை! பை!
அதே பையன், கை நிறைய ஐஸ் ஈரம்,
மூச்சிரைக்க ஓடி வந்து கொடுத்தான்.
ரொம்ப தேங்க்ஸ்டா என்றேன்.
அடிப்பக்கம் பார்த்தியா என்று
கேட்கவில்லை.